நாரைத்தாங்கலில் அடித்த மேளம்

நாரைத்தாங்கல்,
மதுராந்தகம் வழி,
19-5-1957, ஞாயிறு.

அன்பு வராவுக்கு,

சாராள் எழுதிக்கொண்டது. அம்மாவும் நானும் கர்த்தர் தயவில் சுகமாக இருக்கிறோம். உனக்கு வாந்தி நின்றதா? நாலாம் மாதத்தோடு நின்றுவிடும் என்று அம்மா சொல்கிறாள். பஸ் கண்டக்டரிடம் உப்பு மாங்காய் ஒரு ஜாடி கொடுத்தனுப்பியிருக்கிறேன். ஒரே நாளில் காலி பண்ணிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்காராதே. டிரெயினிங் ஸ்கூலில் இரண்டு வருஷம் உன்னோடு ஒரே பாயில் படுத்தவள் நான். உன் நாக்கு எனக்குத் தெரியும்.

நம் கோடை முகாமுக்கு இது மூன்றாவது வாரம். இருபத்தாறு பிள்ளைகள் வருகிறார்கள். ஊரிலிருந்து பதினைந்து, எங்கள் சேரியிலிருந்து பதினொன்று. காலை ஆறு மணிக்கெல்லாம் ஏரிக்கரையில் கூடிவிடுகிறார்கள். வெயில் ஏறியதும் பத்து மணிக்கு வீட்டுக்கு அனுப்பிவிடுகிறேன். நீ சொன்னபடி ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பறவைப் பெயர் வைத்து, அந்தப் பெயரைச் சொல்லித்தான் வருகை எடுக்கிறேன். மணியக்காரர் தனகோடியின் பையனுக்கு நீர்க்காகம் என்று வைத்தேன். அது கறுப்பாக இருக்கிறது, எனக்கு வேண்டாம் என்று இரண்டு நாள் அழுதான். இப்போது நீர்க்காகம் மாதிரி கையை விரித்துக்கொண்டே கரையெல்லாம் ஓடுகிறான். என் மாமா கண்ணாயிரத்தின் பேத்தி எல்லம்மாளை உனக்கு ஞாபகம் இருக்கும், எந்நேரமும் மூக்கை உறிஞ்சுவாளே, அவள்தான் கரண்டிவாயன்.

சேரிப் பிள்ளைகள் கரைமேல் ஏறி உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை, வரா. எங்கள் ஜனங்கள் காலங்காலமாகக் கரைக்குக் கீழே இருக்கும் ஒற்றையடிப் பாதையில்தான் போகிறார்கள். உன் வீட்டுக்காரர் தம் செங்கல்பட்டு ஆபீசிலிருந்து முகாமுக்கு உத்தரவு வாங்கிக் கொடுத்ததால் மணியக்காரர் வாயைத் திறக்கவில்லை. அவருக்கு என் நமஸ்காரத்தைச் சொல்லு.

வேடந்தாங்கலில் போலவே இங்கேயும் பறவைகள் பெரும்பாலும் கிளம்பிவிட்டன. கடைசியாக முட்டையிட்ட நத்தைக்கொத்தி நாரைகள் மட்டும் கடப்ப மரங்களில் பதினேழு கூடு வைத்திருக்கின்றன. குஞ்சுகளுக்கு இறகு வந்துவிட்டது, பறக்கத்தான் தெரியவில்லை. எல்லம்மாள் தன் நோட்டில் கூட்டுக்கு ஒரு பக்கமாக ஒதுக்கி, தினம் நடப்பதை எழுதுகிறாள். நாலாம் கூட்டுப் பக்கத்தில் நேற்று, "குண்டன் இறக்கையை விரிச்சான், பயந்துகினு மடக்கிட்டான்" என்று எழுதியிருந்தாள். நான் திருத்தவில்லை.

இப்போது உன் கடிதத்துக்கு வருகிறேன். சனிக்கிழமை முடிவு விழாவுக்குச் சென்னையிலிருந்து பெரிய அதிகாரி வருகிறார், கரையில் மேளம் அடித்து வரவேற்க வேண்டும், மாமாவின் ஆட்களுக்குச் சொல்லிவை என்கிறாய். நம் தாங்கலிலா? ஐப்பசியில் பறவை இறங்கினால் ஆனியில் கடைசிக் குஞ்சு பறக்கிறவரைக்கும் வெடி கிடையாது, துப்பாக்கி கிடையாது, மேளம் கிடையாது. இரண்டு வருஷம் இந்தப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த உனக்கு இதை நான் சொல்ல வேண்டுமா? தீபாவளிக்கு உன் தம்பி கொண்டுவந்த பட்டாசுப் பெட்டியைப் பிடுங்கிக் கிணற்றில் போட்டவளே நீதானே!

மாமாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏழு ஊர்ச் சாவுக்கும் கல்யாணத்துக்கும் அடிக்கிற மனிதர். போன தை மாதம் வேண்டா அத்தை செத்தபோது ஏரி முழுக்கப் பறவை. சொந்தப் பெண்டாட்டியை மேளச் சத்தமே இல்லாமல் தூக்கிக்கொண்டு போனார். மேளத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு, அதைத் தொடாமலே சுடுகாடு வரைக்கும் நடந்தார். அவரிடம் போய் அதிகாரிக்கு அடி என்றதும், இன்னா சாரா, உனக்குப் பைத்தியம் கியித்தியமா என்று கேட்டார். உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "மணியக்காரரிடம் இவர் பேசிவிட்டார். ஊராருக்கு முழுச் சம்மதம். பயப்படாதே, நான் இருக்கிறேன்" என்ற இடத்தை மூன்று முறை படிக்கச் சொன்னார். முகாமின் முதல் நாள் நீ எங்கள் வீட்டுக் கூழைச் சேரிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து குடித்தாயே, அது அவர் மனசில் நிற்கிறது. அந்தம்மா எழுதியிருந்தா சரியாத்தான் இருக்கும் என்று கடைசியில் ஒத்துக்கொண்டார்.

மணியக்காரரிடம் நானே ஒரு வார்த்தை கேட்கலாம்தான். ஆனால் உன் வீட்டுக்காரர் பேசி முடித்ததை நான் போய்க் கிளறினால் உங்களை நம்பவில்லை என்று ஆகிவிடும். அதனால் கேட்கப்போவதில்லை. மாமாவை மெதுவாக அடிக்கச் சொல்கிறேன்.

வெயிலில் அலையாதே. சனிக்கிழமை உன் வயிறு எவ்வளவு தெரிகிறது என்று பார்க்க வேண்டும்.

பாயில் பாதியை இன்னும் உனக்கு ஒதுக்கி வைத்திருக்கும்,
சாரா.


நாரைத்தாங்கல்,
29-5-1957, புதன்.

என் வரா,

சனிக்கிழமையிலிருந்து நாலு நாளாக உன்னிடமிருந்து ஒரு வரி வரும் என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன். ஜீப்பில் போனது உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லையோ என்று பயமாக இருக்கிறது. நன்றாக இருக்கிறாய் என்று மட்டுமாவது எழுது.

நீங்கள் எல்லாரும் அதிகாரியோடு மாமல்லபுரம் பார்க்கக் கிளம்பும் அவசரத்தில் இங்கே நடந்தது முழுக்க உனக்குத் தெரிந்திருக்காது. மாமா அடித்தது இரண்டு நிமிஷம்கூட இருக்காது. தாய்ப் பறவைகள் ஒரேயடியாக எழும்பியதைத்தான் நீ பார்த்தாய். அதிகாரி ஆகா என்று கைதட்டினார், போட்டோக்காரர் படம் எடுத்தார். குஞ்சுகள் மிரண்டு கூட்டை விட்டுக் குதித்ததைக் கரையிலிருந்த பிள்ளைகள்தான் பார்த்தார்கள். பறக்கத் தெரியாத குஞ்சு எங்கே போகும்? கீழே சேற்றில் விழுந்தன. நான் கத்துவதற்குள் பிள்ளைகள் ஏரிக்குள் இறங்கிவிட்டார்கள். ஊர்ப் பிள்ளை, சேரிப் பிள்ளை, பின்னாலேயே நான், எல்லாரும் முழங்கால் சேற்றில். அவர்கள் போய்ச் சேருவதற்கு முன்னால் பருந்து வந்துவிட்டது. ஒன்பது குஞ்சு, வரா. எல்லம்மாள் எண்ணி நோட்டில் எழுதியிருக்கிறாள். நாலாம் கூட்டுப் பக்கத்தில், "குண்டன் இல்லை" என்று மட்டும் எழுதினாள். அன்று முழுக்க அவள் சாப்பிடவில்லை.

மணியக்காரர் ஓடிவந்து, எவன்டா மேளத்தைக் கரைமேலே கொண்டாந்தவன் என்று மாமாவின் தோள்துண்டைப் பிடித்து இழுத்தாரே, அப்போது உன் வீட்டுக்காரர், இவர்களாகவே வந்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று சொன்னது என் காதில் விழுந்தது. நீ பக்கத்தில்தான் நின்றாய். பெரிய அதிகாரி முன்னால் என்ன சொல்வதென்று தெரியாமல் பதறி உளறிவிட்டார் என்றுதான் நினைத்துக்கொண்டேன். நீயும் வாயடைத்துப் போயிருந்தாய். அதைக் குற்றமாக நான் எடுத்துக்கொள்ளவில்லை.

மணியக்காரரிடம் யாரும் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லையாமே? இதை எப்படி நம்புவது என்று தெரியவில்லை. உன் வீட்டுக்காரர் வேறு யாரையாவது அனுப்பி, அந்த ஆள் சொல்லாமல் விட்டிருப்பான். அப்படித்தான் இருக்கும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை, ஜூன் இரண்டாம் தேதி, காலையில் ஊர்ப் பஞ்சாயத்து கூடுகிறது. சேரிக்காரர்கள் வேண்டுமென்றே கட்டுப்பாட்டை மீறினார்கள் என்று பேச்சு. சேரிப் பிள்ளைகள் இனிமேல் கரையில் காலெடுத்து வைக்கக் கூடாது, முகாமில் சேர்க்கக் கூடாது என்று முடிவு கட்டப் பார்க்கிறார்கள். இதைத் தடுக்க ஒரே வழி நீ வருவதுதான். நீ எழுதிய கடிதம் உன்னிடமே இருக்கிறது. ஜீப் பக்கத்தில் என்னைத் தனியாக அழைத்துப்போய், அதைக் கொடு, இவரிடம் காட்டி மணியக்காரரோடு பேசிச் சரிபண்ணுகிறேன் என்று கேட்டாய் அல்லவா? என் பைபிளுக்குள் வைத்திருந்தேன், எடுத்துக் கொடுத்துவிட்டேன். அதைப் பத்திரமாகக் கொண்டுவா. பஞ்சாயத்தில் நீ ஒரு நிமிஷம் நின்று, நான்தான் எழுதினேன், ஏதோ தவறு நடந்துவிட்டது என்று சொன்னால் போதும். உன்னை யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். டீச்சரம்மா என்றால் ஊரே கையெடுத்துக் கும்பிடுகிறது.

உன் நிலைமையில் பஸ் குலுக்கல் கூடாது என்றால் எழுது. மதுராந்தகம் ஸ்டேஷன் வரைக்கும் ரயிலில் வா, அங்கிருந்து வைக்கோல் மெத்தை போட்ட வண்டி கொண்டுவருகிறேன். மாமாவிடம் நீ கட்டாயம் வருவாய் என்று சொல்லிவிட்டேன். அவர் தலையை ஆட்டினார். சேரியில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன்.

என்னைக் கைவிட்டுவிடாதே.

உன் வழியையே பார்த்துக்கொண்டிருக்கும்,
சாராள்.


நாரைத்தாங்கல்,
14-7-1957, ஞாயிறு.

திருமதி வரலட்சுமி ஜானகிராமன் அவர்களுக்கு,

இப்படித் தொடங்கி இப்படியே மரியாதையாக முடித்துவிடத்தான் நினைத்தேன். என்னால் முடியவில்லை. நீ எனக்கு வராதான். அதுதான் என் பேஜாரே.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் கோயிலுக்குக்கூடப் போகாமல் பஸ் நிற்கும் புளியமரத்தடியில் நின்றேன். பஞ்சாயத்தும் அங்கேதான் கூடியிருந்தது. எட்டு மணி பஸ்ஸில் வருவாள் என்று சொன்னேன். பதினொரு மணி பஸ்ஸில் வருவாள் என்று சொன்னேன். ஒரு மணி பஸ் வந்தபோது பஞ்சாயத்தில் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அதிலிருந்து இறங்கியது உன் வீட்டுக்காரரின் ஆபீஸ் பியூன். அவர் கொண்டுவந்த காகிதத்தை மணியக்காரர் உரக்கப் படித்தார். மேளக்காரர்கள் தாமாகவே கரைக்கு வந்தார்கள், ஆபீசுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ஆசிரியை சாராள் இனி தம் உறவுக்காரர்களைக் கட்டுப்பாட்டில் வைத்துக்கொள்வது நல்லது என்று எழுதியிருந்தது. கீழே டி. ஜானகிராமன் என்று அழகான கையெழுத்து.

நான் முன்னால் வந்து, இல்லை, வரலட்சுமி டீச்சர் எழுதின கடிதம் இருக்கிறது என்றேன். எங்கே, காட்டு என்றார்கள். அவளிடமே கொடுத்துவிட்டேன் என்று சொன்னேன். அதைச் சொல்லும்போதுதான், வரா, எனக்கே புரிந்தது. அத்தனை பேர் முன்னால், பாதி வாக்கியத்தில் புரிந்தது. நான் உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் செங்கல்பட்டுக்கு வந்தேன். வீடு பூட்டியிருந்தது. அம்மா வீட்டுக்குக் கோயம்புத்தூர் போய்விட்டாள், வெள்ளிக்கிழமையே போய்விட்டாள் என்று பக்கத்து வீட்டம்மாள் சொன்னாள். புதன்கிழமை போட்ட என் கடிதம் வியாழக்கிழமை உனக்குக் கிடைத்திருக்கும். படித்துவிட்டுத்தான் பெட்டி கட்டியிருக்கிறாய். உங்கள் வாசற்படியில் என் உப்பு மாங்காய் ஜாடி கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

கோயம்புத்தூருக்கு மூன்று கடிதம் போட்டேன். மூன்றாவதுக்குத்தான் உன் பதில் வந்தது. எப்போதும் எனக்குக் கவரில், ஓரமெல்லாம் நுணுக்கி நுணுக்கி எழுதுகிறவள், இந்தத் தடவை கார்டு போட்டாய். எங்கள் சேரிக்குக் கார்டு வந்தால் தபால்காரர் டீக்கடையில் உரக்கப் படித்துவிட்டுத்தான் கொண்டுவருவார். அது உனக்குத் தெரியாததா? "மேளம் பற்றி நான் எதுவும் எழுதியதாக ஞாபகமில்லை. உடம்பு இருக்கிற நிலையில் என்னை இதில் இழுக்க வேண்டாம்." இரண்டு வரி. அதை எனக்கு முன்னால் ஊரே கேட்டுவிட்டது. எங்கள் ஜனங்களிலேயே சிலர், சாராள்தான் டவுன்காரங்களிடம் நல்ல பேர் வாங்க மேளத்தை அடிக்கவைத்துவிட்டு இப்போது கதை கட்டுகிறாள் என்று பேசுகிறார்கள். என் அம்மா தண்ணீருக்குப் போனால் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள்.

முடிவையும் சொல்லிவிடுகிறேன். சேரிப் பிள்ளைகள் கரையில் ஏறக் கூடாது. அடுத்த கோடையில் முகாம் உண்டு, ஊர்ப் பிள்ளைகளுக்கு மட்டும், வேறு வாத்தியார் நடத்துவார். மாமாவின் மேளத்தைப் பிடுங்கி மணியக்காரர் வீட்டு மாட்டுக்கொட்டகையில் தொங்கவிட்டிருக்கிறார்கள். என் வேலை போகவில்லை. பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. முன் பெஞ்சிலிருக்கும் பதினொரு முகத்தைப் பார்த்துப் பாடம் சொல்கிறேன்.

மாமா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் அவர் காலடியில் உட்கார்ந்து அழுதபோது, நீ இன்னா பண்ணுவே, அந்தம்மா எழுதினதை நீ நம்பினே, நீ சொன்னதை நான் நம்பினேன், அவ்ளோதானே என்றார். அப்புறம் தன் கையைப் பார்த்து, என் வேண்டாவுக்கு அடிக்காத கை, எவனோ ஒரு ஆபீசருக்கு அடிச்சிச்சே என்றார். பிறகு எழுந்து போய்விட்டார். இதை நான் உனக்காகக் கூட்டிக் குறைத்து எழுதவில்லை, அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

நான் ராத்திரி பகலாக யோசித்துவிட்டேன், வரா. நீ அந்தக் கடிதத்தை ஏன் எழுதினாய் என்று எனக்குத் தெரியும். உன் வீட்டுக்காரருக்கு மேலதிகாரி முன்னால் ஒரு கூத்து வேண்டியிருந்தது. அவர் மனம் கோணக் கூடாது என்று நீ எழுதினாய். அதை மன்னித்துவிட்டேன். பஞ்சாயத்துக்கு வரப் பயந்தாய். வயிற்றுப் பிள்ளைக்காரி, புருஷனை எதிர்த்து ஊர் நடுவில் நிற்க முடியாது. அதையும்கூட மன்னித்துவிடலாம். ஜீப் பக்கத்தில் நடந்ததைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை. என் முகம் பூராவும் சேறும் கண்ணீருமாக இருந்தது. நீ உன் முந்தானையால் துடைத்துவிட்டாய். ஒரு கையால் துடைத்துக்கொண்டே மறு கையை நீட்டி அந்தக் கடிதத்தைக் கேட்டாய். சண்டை போட்டுப் பிடுங்கியிருந்தால் எனக்கு இவ்வளவு வயிறு எரிந்திருக்காது.

ஆனி முடியப்போகிறது. மீதிக் குஞ்சுகள் பெரும்பாலும் பறந்துவிட்டன. அவை பறந்ததை எல்லம்மாள் பார்க்கவில்லை. கரைக்குக் கீழே நின்றால் மரத்தின் உச்சி மட்டும் தெரியும், கூடு தெரியாது. ஆனாலும் அவள் நோட்டு நிற்கவில்லை. தினம் காலையில் பாதையில் போய் நிற்கிறாள். மணியக்காரர் பையன், அந்த நீர்க்காகம், அப்பா கண்ணில் படாமல் கரைமேல் குப்புறப் படுத்துக்கொண்டு, ஏழாம் கூட்டுல ஒண்ணு நிக்குது, பதிமூணு காலி என்று கீழே கத்துகிறான். அவள் எழுதிக்கொள்கிறாள். பெரியவர்கள் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. இன்றைக்கு வரைக்கும் அவன் ஒரு எண்ணிக்கைகூட மாற்றிச் சொன்னதில்லை.

அந்த நோட்டின் முதல் பக்கத்தில் முகாம் தொடங்கிய அன்று நீ எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாய். "இந்தக் கரை எல்லாப் பிள்ளைகளுக்கும் பொது. வரலட்சுமி டீச்சர்." அதைக் கிழித்துவிடு என்று நான் சொன்னேன். எல்லம்மாள் மாட்டேன் என்கிறாள். டீச்சர் வந்து படிச்சா ஞாபகம் வந்துரும் என்கிறாள். உன் கார்டில் ஞாபகமில்லை என்று எழுதியிருந்ததை அவளும்தான் கேட்டிருக்கிறாள்.

உன் மேல் எனக்குச் சாபம் ஒன்றும் இல்லை. ஐப்பசியில் உனக்குப் பிரசவம். பறவைகள் இறங்குகிற மாதம். உனக்கும் பிள்ளைக்கும் ஒரு குறையும் வரக் கூடாது என்று இன்று கோயிலில் முழங்கால் போட்டு ஜெபித்தேன், சத்தியமாக. உன் பிள்ளை நல்லபடி பிறந்து, கண்ணும் காலும் நன்றாக இருந்து, ஓடியாடி வளரட்டும். நாலு எட்டு வைக்கப் பழகியதும் ஒருநாள் நாரைத்தாங்கலுக்கு அழைத்து வா. நீயும் பிள்ளையும் கரைமேல் நிற்கலாம், உங்களை யாரும் தடுக்கமாட்டார்கள். எல்லம்மாள் கீழே பாதையில் நின்றுகொண்டு, எந்த மரத்தில் எந்தக் கூடு என்று கை நீட்டிச் சொல்வாள். அவளுக்கு எல்லாம் மனப்பாடம். அந்த அக்கா மட்டும் ஏன் மேலே வராமல் கீழேயே நிற்கிறாள் என்று உன் பிள்ளை கேட்கும். அதற்கு மட்டும் நீயே பதில் சொல்லிவிடு, வரா.

இப்படிக்கு,
சி. சாராள்,
ஆசிரியை.